டிஸ்ப்ளே கார்டுக்கு மூன்று கொட்டேஷன்

போன வாரம் சத்தியமங்கலத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். மணிமணியான கையெழுத்து.

"டிஸ்ப்ளே கார்டு வாங்கியதில் எழுநூறு ரூபாய் மிச்சம் பிடித்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என்னிடமும் நாலாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எந்தக் கார்டு வாங்கலாம்? எங்கே, எப்போது வாங்கலாம்?" என்று கேட்டிருந்தார். பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் வைத்திருந்தார். பாவம், நல்ல மனிதர்.

நான் அந்த உறையிலேயே பதில் போட்டேன். ஒரே வரி – "முதலில் கண் டாக்டரைப் பாருங்கள்."

தபால் பெட்டிக்குள் உறை விழுந்த பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் என்ன நினைப்பார்? கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டால் கிண்டல் செய்கிறான் பார் என்றுதானே நினைப்பார்? அவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் நான் ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அந்தக் கார்டு கதையில் நான் எழுதியது பாதிதான். மீதிப் பாதி அப்போது நடந்திருக்கவில்லை. நடந்த பிறகு எழுதக் கை வரவில்லை.

மாதேசனிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் ஃபாக்டரியில் டிராயிங் செக்‌ஷனில் இருந்தவர். நான் பர்ச்சேஸ். ஊருக்கு வெளியே ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் பத்து வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட். ஹனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார். பஸ்ஸில் ஜன்னல் சீட்டைக்கூட எனக்குத்தான் விடுவார்.

கம்பெனியில் விருப்ப ஓய்வு கொடுத்தபோது எடுத்துக்கொண்டு போனார். வந்த பணத்தில் பெரும்பகுதி பெண் கல்யாணத்துக்குப் போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கி வீட்டு முன்னறையில் வைத்தார். ஹெப்பாளிலும் நஞ்சன்கூட்டிலும் இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு டிராயிங் போட்டுக் கொடுப்பது – அதுதான் பிழைப்பு. பழைய ப்ளூபிரிண்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர் அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் சுத்தமாக வரைந்து கொடுப்பார்.

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். முகம் வாடியிருந்தது.

"ஸ்கிரீன் சரியில்லைங்ணா. தண்ணிக்குள்ள இருக்கறாட்ட நடுங்குது. ஓரத்துல இருக்கற கோடெல்லாம் தெரியவே மாட்டேங்குது."

வெறும் புகார் இல்லை. காரியம் கெட்டிருந்தது. நஞ்சன்கூட்டுப் பட்டறை ஒன்றுக்கு ஒரு இரும்பு பிளேட் வரைந்து கொடுத்திருக்கிறார். நான்கு மூலையிலும் நான்கு துளை வர வேண்டும். இவர் வரைந்ததில் வலது பக்கத்து இரண்டு துளைதான் இருந்தது. அதைப் பார்த்துப் பட்டறையில் அறுபது பிளேட் போட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். மாதேசனுக்கு மாதாமாதம் வருகிற வேலையில் பாதி அந்தப் பட்டறையினுடையது. அது போனால் வீட்டு வாடகை போச்சு.

நான் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். நிஜமாகவே நடுங்கியது. ஐந்து நிமிஷத்தில் எனக்கே தலை வலித்தது.

கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் படம் தெரிய உள்ளே ஒரு கார்டு இருக்கிறது. அதில் மெமரி கொஞ்சமாக இருந்தால், பெரிய படத்தை ஒரே மூச்சில் போட அதற்குத் தெம்பு இருக்காது. ஒரு வரி விட்டு ஒரு வரியாக, இரண்டு தடவையில் போட்டு ஒப்பேற்றும். நம் கண்ணுக்கு அது நடுக்கமாகத் தெரியும். மாதேசனின் கார்டு அந்த ரகம். மாற்ற வேண்டியதுதான். அதில் தப்பே இல்லை.

அப்போது காபி கொண்டுவந்த அவர் மனைவி ராஜம்மா, டம்ளரை வைத்துவிட்டு நின்றார்.

"கண்ணைக் காட்டுங்கன்னு ஒரு மாசமாச் சொல்றேனுங்ணா. கேக்க மாட்டேங்கறாரு. நேத்து வாசப்படியில இருந்த குடத்தைத் தட்டி விட்டுட்டாரு. பாக்கவே இல்லைங்கறாரு."

"கண்ணாடி போன வருசந்தான மாத்துனேன்," என்றார் மாதேசன். "டாக்டர்கிட்ட போனா அந்த டெஸ்டு இந்த டெஸ்டுன்னு ரெண்டாயிரம் இழுத்துருவாங்க. அப்புறம் கார்டுக்கு எங்க போறது?"

கையில் இருந்தது நாலாயிரம். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான்தானே பர்ச்சேஸ்காரன்? எதை முதலில் வாங்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதானே என் உத்தியோகம்?

நான் சொன்னேன்: "ராஜம்மா, ஸ்கிரீன் நடுங்கறது எனக்கே தெரியுது. என் கண்ணு நல்லாத்தானே இருக்கு? கார்டை முதல்ல மாத்திடுவோம். அப்புறமும் சரியாகலைன்னா டாக்டரைப் பாக்கலாம்."

"நீங்க படிச்சவங்க. சரியாத்தான் சொல்லுவீங்க," என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார் ராஜம்மா.

அந்த வாக்கியம் இன்றும் என் காதில் இருக்கிறது.

சரி, கார்டு தேடப் புறப்பட்டோம். இருபத்திரண்டு வருஷம் பர்ச்சேஸில் இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு குண்டூசி வாங்க மாட்டான். மூன்று கடையில் விலை எழுதி வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது குறைவு என்று வட்டம் போட்டால்தான் ராத்திரி சோறு இறங்கும். ஆபீஸ் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்று என் மனைவி சொல்லாத நாள் இல்லை. கத்தரிக்காய்க்குக்கூட மூன்று கடை ஏறியிறங்கினால் அவளும் என்னதான் செய்வாள்?

முதல் கடை மண்டி மொஹல்லாவில். ஒரு சந்துக்குள் மாடிப்படிக்குக் கீழே பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர் சாமான். அந்தச் சந்தில் நடக்கும்போது மாதேசன் ஒரு தள்ளுவண்டியில் இடித்துக்கொண்டார். இடது தோளில் நல்ல அடி. வெங்காயம் உருண்டது. "பாத்து வரக் கூடாதா, மாதேசு? இவ்வளவு பெரிய வண்டி," என்று நான்தான் கடிந்துகொண்டேன். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டு, கீழே குனிந்து, வண்டிக்காரருக்கு வெங்காயம் பொறுக்கிக் கொடுத்தார். காலடியில் கிடந்தவற்றைப் பொறுக்கினார். பக்கவாட்டில் கிடந்தவற்றை விட்டுவிட்டார். இதெல்லாம் இப்போது நினைவுக்கு வருகிறது. அப்போது என் புத்தி முழுக்க மெமரி இரண்டு எம்பியா, நாலு எம்பியா என்பதில் இருந்தது.

கடைக்காரர் விலை சொன்னார். சொல்லிவிட்டு அவரே, "ஸ்வல்ப வெயிட் மாடி சார். முந்தின திங்களு ரேட் இன்னூ இளியுத்தே," என்றார். கொஞ்சம் பொறுங்கள், அடுத்த மாதம் விலை இன்னும் இறங்கும் என்கிறார். விற்கிறவனே பொறு என்று சொல்லும் வியாபாரத்தை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

அங்கேதான் நான் விழுந்தேன். அரிசி ஏறுகிறது, பருப்பு ஏறுகிறது, பஸ் டிக்கெட் ஏறுகிறது. கம்ப்யூட்டர் சாமான் மட்டும் மாதாமாதம் இறங்குகிறது. பொறுத்தவனுக்கு லாபம். பர்ச்சேஸ்காரனுக்கு இதைவிட என்ன போதை வேண்டும்?

இரண்டாவது கொட்டேஷன் ஒரு பெரிய ஷோரூமில். கியாரண்டி உண்டு, பில் உண்டு, ஏசி உண்டு. ஆகையால் விலையும் உண்டு. மூன்றாவது பெங்களூரில், ரயிலேறிப் போய், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் விலை எழுதி வாங்கியது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். போன மாதத்தைவிட இந்த மாதம் இருநூறு குறைவு. அடுத்த மாதம்?

ஆடி போய் ஆவணி வந்தது. தசரா வரைக்கும் பொறுக்கலாம், ஆஃபர் போடுவான் என்றேன். தசராவுக்கு ஊரெல்லாம் விளக்கு. மாதேசன் குடும்பத்தோடு அரண்மனை பார்க்கப் போய்விட்டு வந்து, "ஒவ்வொரு பல்பைச் சுத்தியும் வளையம் வளையமாத் தெரிஞ்சுதுங்ணா. அழகாத்தான் இருந்துது," என்றார். நான் தலையாட்டினேன். தீபாவளி நோன்புக்கு இன்னும் இறங்கும் என்றேன். இறங்கியது. என் கெட்ட நேரம், நான் சொன்னது ஒவ்வொன்றும் பலித்தது.

இடையிடையே அவர் கேட்பார். அழுத்திக் கேட்க மாட்டார். "என்னாச்சுங்ணா... இந்த மாசம் வாங்கிரலாமா?"

"பொறுங்க மாதேசு. அவசரப்பட்டா நஷ்டம்."

"சரிங்ணா."

அந்த நான்கு மாதமும் அவர் எப்படி வேலை செய்தார் தெரியுமா? வரைந்த ஒவ்வொரு படத்தையும் ராஜம்மாவைக் கூப்பிட்டு, துளைகளை எண்ணச் சொல்லி, ப்ளூபிரிண்டோடு ஒத்துப் பார்த்து அனுப்பியிருக்கிறார். பட்டறை கையை விட்டுப் போகாமல் இருந்தது அதனால்தான். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பெங்களூர் போய் நாலு எம்பி கார்டு வாங்கினேன். ஆடியில் கேட்ட விலையைவிட எழுநூறு குறைவு. ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் வராததுமாக அந்தச் சாமர்த்தியத்தைக் கட்டுரையாக எழுதிப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்த்தேன். அதில் ஒரு வரி இருந்தது. "இனி என் நண்பர் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை." எழுதியபோது எனக்கே பிடித்திருந்த வரி.

மறுநாள் ஞாயிறு. பத்து மணி வெயில் முன்னறைக்குள் நன்றாக அடித்தது. பழைய கார்டைக் கழற்றிப் புதியதைச் சொருகி, ஃப்ளாப்பியிலிருந்து அதற்கான டிரைவர் புரோகிராமை ஏற்றினேன். திரை வந்தது பாருங்கள் – துடைத்துவிட்ட மாதிரி. ஒரு நடுக்கம் இல்லை. நான் அந்தப் பழைய பிளேட் படத்தைத் திறந்தேன். நான்கு துளையும் திருத்திச் சேர்த்த படம்.

"இப்பச் சொல்லுங்க, மாதேசு. எத்தனை துளை?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நடுக்கமே இல்லைங்ணா. அருமையா இருக்குது."

"துளை எத்தனை?"

"ரெண்டு."

நான் சிரித்தேன். டிரைவர் சரியாக ஏறவில்லை, இவர் பக்கம் படம் முழுசாக வரவில்லை என்று நினைத்தேன். திரை ஒன்றுதானே, அவருக்கு ஒன்று எனக்கு ஒன்றா? அந்தச் சின்ன யோசனைகூட வரவில்லை. மறுபடி டிரைவரை ஏற்றினேன். அப்போதும் இரண்டு. மூன்றாம் முறை ஏற்றினேன். அப்போதும் இரண்டு. மாதேசன் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டு, "கிட்டப் போயி, தலையைத் திருப்பிப் பாத்தா நாலும் தெரியுதுங்ணா, விடுங்க," என்றார்.

அடுப்படியிலிருந்து ராஜம்மா வந்தது எனக்குத் தெரிந்தது. சத்தமில்லாமல் வந்து அவர் நாற்காலிக்கு இடது பக்கம், முழங்கையைத் தொடும் தூரத்தில் நின்றார். கையில் கரண்டி. சற்று நேரம் அவரையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங், நான் எங்க நிக்கறேன்?"

மாதேசன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அடுப்படியில."

ராஜம்மா கரண்டியை மேஜை மேல் வைத்துவிட்டு அவர் தோளில் கை வைத்தார். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். நான் கையில் ஃப்ளாப்பியோடு நின்றேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். புறநோயாளிச் சீட்டு வாங்கிய காசு, கார்டு வாங்கப் பெங்களூருக்குப் போன டிக்கெட்டைவிடக் குறைவு. மாதேசன் பயந்த இரண்டாயிரமும் இல்லை, இருநூறும் இல்லை. அதற்கு மட்டும் நான் கொட்டேஷன் கேட்கவே இல்லை.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது என்றார் டாக்டர் அம்மாள். ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வருமாம். வலிக்காதாம். போனது போனதுதான், திரும்ப வராது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, ஆயுசு முழுக்க. இடது கண்ணில் அநேகமாக ஒன்றுமில்லை. வலது கண்ணில் நடுவில் கொஞ்சம்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"நாலஞ்சு மாசமாங்க."

"நாலு மாசம் என்ன பண்ணீங்க? முன்னாலயே வந்திருந்தா இவ்வளவு போயிருக்காதே."

என்ன சொல்வது? கார்டு விலை இறங்கக் காத்திருந்தோம் என்றா? நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாதேசன் முந்திக்கொண்டார்.

"வேலை ஜாஸ்திங்க, டாக்டர். வர முடியலை."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் மறுபடி ஆஸ்பத்திரி. கண் பாப்பாவை விரிக்கும் மருந்தைப் போட்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டே மாதேசன் கேட்டார்.

"நம்ம கார்டு கதை இந்த வாரம் வந்திருக்குமுல்லங்ணா?"

வந்திருந்தது. என் பையில்தான் இருந்தது.

"படிங்ணா. எனக்கு மருந்து போட்டிருக்காங்க."

படித்தேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, என் சாமர்த்தியத்தை நானே சத்தமாகப் படித்தேன். மண்டி மொஹல்லா கடைக்காரர் பொறுக்கச் சொன்ன இடத்தில் அவர் நன்றாகச் சிரித்தார். கண்ணைக் கசக்கும் அந்த வரி வந்தது. அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். என் தோளுக்குப் பக்கத்தில் ராஜம்மாவும் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவர். தமிழும் வாசிப்பார். நான் தாண்டியதைப் பார்த்துவிட்டார்.

"நல்லா எழுதியிருக்கீங்ணா," என்றார் மாதேசன்.

அழுதேன். வராந்தாக் கோடிக்குப் போய், தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று அழுதேன். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

ஒரு பொருள் கெட்டால் நமக்கு உடனே தெரிகிறது. கழற்றுகிறோம், துடைக்கிறோம், மாற்றுகிறோம், நாலு பேரிடம் விசாரிக்கிறோம். மனிதர் கெட்டால்? அவரும் ஏதோ பொருளைத்தான் குறை சொல்கிறார். நாமும் அந்தப் பொருளைத்தான் பார்க்கிறோம். சொல்கிறவரை யார் பார்க்கிறார்கள்? அந்த வீட்டில் ஒரே ஒருத்தர் பார்த்தார். அவரை நான்தான் வாயடைத்தேன்.

போன ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். இப்போது நாற்காலியில் ராஜம்மா உட்காருகிறார். பக்கத்தில் ஸ்டூலில் மாதேசன். வளையலுக்குள் பார்க்கிற அளவுக்குத்தான் அவருக்குத் தெரிகிறது. ப்ளூபிரிண்டை முகத்துக்கு நேரே பிடித்துத் துண்டு துண்டாகப் பார்த்து, "மூலையில இருந்து பத்து எம்எம் உள்ள தள்ளிப் போடு" என்று சொல்கிறார். ராஜம்மா போடுகிறார். மெதுவாகத்தான் நடக்கிறது. முன்பு ஒரு நாளில் முடிந்த படம் இப்போது மூன்று நாள் ஆகிறது. பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்தவில்லை, ஆனால் குறைத்துவிட்டார்கள்.

படம் முடிந்ததும் அவர் கேட்டார்: "துளை எல்லாம் இருக்குதா?"

ராஜம்மா திரையில் விரல் வைத்து எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு. இருக்குதுங்."

பிறகு என் பக்கம் திரும்பி, குத்தல் ஏதும் இல்லாமல், நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார்: "நல்ல கார்டுங்ணா இது. பொழுதுக்கும் பாத்தாலும் கண்ணே வலிக்கறதில்லை."

"அண்ணா வாங்குனதாச்சே," என்றார் மாதேசன்.

சத்தியமங்கலத்து அன்பரே, நான் கிண்டல் செய்யவில்லை. கார்டை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள். விலை இன்னும் இறங்கும்.